விமானத்தின் நடுக்கமும் அதன் காரணம் காணும் முறையும்

பினாங்குத் தீவின் தென்கிழக்குக் கரையில் பத்து மாவுங் என்னும் மீனவர் ஊர் உள்ளது. அங்கிருந்து கடலுக்குச் செல்லும் படகின் விசிறியில் அறுந்த வலைநூல் சுற்றிக்கொண்டாலும், மிதக்கும் மரத்துண்டில் மோதி அவ்விசிறியின் ஓர் இதழ் வளைந்தாலும், படகு முழுவதும் நடுங்கத் தொடங்கும். படகோட்டி உடனே வேகத்தைக் குறைப்பார், இயந்திரத்தை நிறுத்துவார், விசிறியைத் தூக்கிப் பார்ப்பார். நடுக்கம் எங்கோ ஒரு குறை இருப்பதன் அறிகுறி என்பதை அவருக்கு எவரும் பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை.

படகுக்குக் கடலில் நின்று பார்க்க இடமுண்டு. விமானத்துக்கு வானில் நிற்க இடமில்லை. ஆகவே படகோட்டி கடலில் செய்யும் அச்சோதனையை விமானம் கட்டுவோர் தரையிலேயே செய்து முடித்தாக வேண்டும்.

பத்து மாவுங்கை அடுத்த பாயான் லெப்பாஸில் 1935ஆம் ஆண்டில் விமானத்தளம் திறக்கப்பட்டது. 1937ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர் வழியாகப் பினாங்குக்கு இரட்டை இயந்திர விமானங்கள் வரத் தொடங்கின. போருக்குப் பின், 1947ஆம் ஆண்டு மே முதல் நாள், மலாயன் ஏர்வேஸ் நிறுவனம் சிங்கப்பூர், கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு ஆகிய ஊர்களை இணைத்துத் தன் சேவையைத் தொடங்கிற்று. அன்று வந்தவை அனைத்தும் விசிறி விமானங்களே. 2007இல் பினாங்கிலிருந்து பறக்கத் தொடங்கிய ஃபயர்ஃப்ளை நிறுவனமும் விசிறி விமானங்களைக் கொண்டே தொடங்கியது. ஆதலின் புரொப்பெல்லர் எனப்படும் உந்துவிசிறி இத்தீவினருக்குப் புதியதன்று.

இவ்விமானங்கள் பெருந்தொழிற்சாலைகளில் உருவானவை; அவற்றின் இயந்திரமும் விசிறியும் ஒன்றோடொன்று பொருந்துமா என்பது முன்னரே பல முறை சோதிக்கப்பட்டிருக்கும். வேறொரு வகை விமானமும் உண்டு. அது தனி மனிதர் தம் கொட்டகையில், தம் கையால் கட்டும் விமானம். அதில் இயந்திரம் ஓரிடத்தினின்றும் விசிறி மற்றோரிடத்தினின்றும் வரும். இரண்டும் முதன்முதலாகச் சந்திப்பது அக்கொட்டகையில்தான். அவற்றின் பொருத்தத்தைச் சோதிக்கும் பொறுப்பு முழுவதும் கட்டியவர் தலைமீது விழுகின்றது.

கையால் கட்டியோர்

இவ்வகை முயற்சி தமிழ்நாட்டுக்கு மிகப் பழையது. சென்னை மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய கோர்சிக்காத் தீவினரான டி ஆஞ்செலிஸ் என்பவர், கோச்சு வண்டி கட்டிய சிம்சன் நிறுவனத்தாரின் உதவியுடன் ஒரு விமானத்தை உருவாக்கி, 1910ஆம் ஆண்டில் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். நூற்றாண்டு கழித்து, 2014ஆம் ஆண்டில், கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்த சஜி தாமஸ் கட்டிய சிறு விமானம் திருநெல்வேலிச் சீமையின் மணிமுத்தாற்றில் பறந்தது. அவர் செவிப்புலனும் பேச்சும் இல்லாதவர். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ஓய்வு பெற்ற விமானப்படை அதிகாரி ஒருவர் அதனை ஓட்டினார்.

இவர்கள் எல்லோருக்கும் முன்னோடிகள் அமெரிக்க நாட்டின் ரைட் சகோதரர்கள். சைக்கிள் கடை நடத்திய இவ்விருவரும் தம் விமானத்தின் விசிறியைத் தாமே செதுக்கினர்; இயந்திரத்தைத் தம் கடை மெக்கானிக் சார்லஸ் டெய்லரைக் கொண்டு செய்வித்தனர். உலகின் முதல் விமானமே கையால் கட்டிய விமானந்தான். அதற்கு நேர்ந்த முதல் இடையூறும் நடுக்கமே.

ரைட் சகோதரர் கற்ற பாடம்

1903ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள், கிட்டி ஹாக் மணற்கரையில் அவர்கள் இயந்திரத்தை விசிறிகளோடு இணைத்து முதன்முறையாக ஓட்டினர். இயந்திரத்தின் தீப்பொறி சீராக எழவில்லை. சில வெடிப்புகள் தவறின. சைக்கிளில் உள்ளதைப் போன்ற சங்கிலிகள் வழியாகச் சுழன்ற விசிறிகளின் தண்டுகள் அந்தக் குலுக்கலைத் தாங்காமல் பழுதடைந்தன. தண்டுகள் டேட்டன் நகருக்கு அனுப்பப்பட்டன. அங்கு டெய்லர் இன்னும் பருமனான, கனமான குழாய்களைக் கொண்டு அவற்றைச் செப்பனிட்டார்.

நவம்பர் 20ஆம் நாள் தண்டுகள் திரும்பி வந்தன. மீண்டும் ஓட்டியபோது சங்கிலிப் பற்சக்கரங்கள் தளர்ந்தன. டயர் ஒட்டும் பசையை உருக்கி மரைகளில் ஊற்றி அவற்றை இறுக்கினர், அத்தொல்லை தீர்ந்தது. ஆனால் நவம்பர் 28ஆம் நாள் ஒரு தண்டில் மயிரிழை போன்ற வெடிப்பொன்று காணப்பட்டது. முன்னதைக் காட்டிலும் பருமனான தண்டு அது, அதுவும் வெடித்துவிட்டது.

இந்த இடத்தில்தான் அவர்களுடைய சிந்தனை திரும்பியது. ‘இன்னும் பருமனான குழாய் வேண்டும்’ என்று அவர்கள் முடிவு செய்யவில்லை. இயந்திரத்தின் ஆற்றலைக் கடத்துவதற்குத் தேவையானதைப் போலப் பன்மடங்கு வலிமை அக்குழாய்களுக்கு இருந்தது. குறை வலிமையில் இல்லை. சீரற்ற தாக்குதலில் இருந்தது. ஒரு வெடிப்பு தவறினால் இயந்திரம் ஒரு கணம் பின்தங்கும். எட்டரை அடி நீளமுள்ள கனமான விசிறியோ தன் வேகத்திலேயே சுழல முயலும். இரண்டுக்கும் இடையே அகப்பட்ட தண்டு இருபுறமும் முறுக்கப்படும். பருமனான குழாய் சற்றும் வளைந்துகொடுக்காது, ஆகவே வெடித்தது. முன்னதினும் சிறிய குறுக்களவுடைய, உட்புழையில்லாத வில் எஃகுத் தண்டு, சிறிதளவு முறுகிக்கொடுத்துத் தாக்குதலை வாங்கிக்கொள்ளும். ஆர்வில் ரைட் டேட்டனுக்குச் சென்று அத்தகைய தண்டுகளைச் செய்துகொண்டு டிசம்பர் 11ஆம் நாள் திரும்பினார். டிசம்பர் 17ஆம் நாள் விமானம் பறந்தது.

பெரிதும் கனமும் ஆனது தோற்ற இடத்தில் மெலிந்தது வென்றது. காரணம் அறியப்பட்டதே இவ்வெற்றிக்குக் காரணம்.

நடுக்கத்தின் நான்கு வேர்கள்

விசிறி விமானம் நடுங்குவதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றை நான்கு வகையில் அடக்கலாம். மின்விசிறியில் இறக்கை எனப்படுவது, விமானத்தின் இறக்கையோடு மயங்காதிருத்தற்பொருட்டு, இங்கு இதழ் எனப்படும்.

முதலாவது, எடைச் சமன் இன்மை. ஓர் இதழ் மற்றதைவிடச் சிறிது கனமாக இருந்தால் விசிறி சுழலும்போது அப்பக்கம் வெளிநோக்கி இழுக்கும். அந்த இழுப்பின் அளவு வியப்பூட்டுவது. மையத்திலிருந்து 75 சென்டிமீட்டர் தொலைவில் வெறும் 10 கிராம் எடை மிகுந்திருப்பதாகக் கொள்க. விசிறி நிமிடத்துக்கு 2400 முறை சுழலும்போது அது ஏறத்தாழ 48 கிலோ எடை தொங்குவதற்கு ஒப்பான விசையோடு இழுக்கும். அவ்விழுப்பு ஒரே திசையில் நிற்பதில்லை; ஒரு வினாடியில் 40 முறை சுற்றிச்சுற்றி வரும். வேகம் பாதியானால் இழுப்பு நான்கில் ஒன்றாகும். நுனியில் 100 கிராம் துண்டொன்று முறிந்து வீழ்ந்தால் இழுப்பு 480 கிலோவை நெருங்கும். முறிந்த இதழ் ஒன்று இயந்திரத்தையே அதன் தாங்கியினின்றும் பிடுங்கி எறியக்கூடும் என்று அஞ்சுவது இதனாலேயே.

இரண்டாவது, வடிவச் சமன் இன்மை. இரண்டு இதழ்களும் ஒரே எடை உடையனவாக இருக்கலாம். ஆயினும் ஒன்றன் சாய்கோணம் மற்றதனினும் மிகுந்திருந்தால் அது காற்றை மிகுதியாகத் தள்ளும். தராசில் குறை தெரியாது, பறக்கும்போது தெரியும். இயந்திரத்தின் ஆற்றலைக் கூட்டுந்தோறும் இவ்வகை நடுக்கம் கூடும்.

மூன்றாவது, இயந்திரத்தின் வெடிப்புகள் சீராக இல்லாமை. நான்கு அடி இயந்திரத்தில் ஒவ்வொரு சிலிண்டரும் கிராங்க் தண்டின் இரண்டு சுற்றுகளுக்கு ஒரு முறை வெடிக்கும். நான்கு சிலிண்டர்களும் ஒழுங்காக வெடித்தால், 2400 சுற்றில் வினாடிக்கு 80 வெடிப்புகள். ஒரு சிலிண்டர் மட்டும் சோர்ந்தால், அக்குறை இரண்டு சுற்றுக்கு ஒரு முறை, அதாவது வினாடிக்கு 20 முறை வெளிப்படும்.

நான்காவது, ஒத்ததிர்வு. ஊஞ்சலை அதன் இயல்பான ஆட்டத்தோடு ஒத்துத் தள்ளினால் சிறுபிள்ளையின் கையும் அதனை உயர எழுப்பிவிடும். அதுபோலவே தண்டு, இதழ், இயந்திரத் தாங்கி ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனக்கென ஓர் இயல்பான அதிர்வெண் உண்டு. இயந்திரத்தின் துடிப்பு அதனோடு ஒத்துவிட்டால் சிறு துடிப்பும் பெருநடுக்கமாக வளரும். வேகத்தைச் சற்றுக் கூட்டினாலும் குறைத்தாலும் அது மறைந்துவிடும்.

எண்ணிப் பார்த்தல்

காரணங்களைப் பிரித்தறியும் முதற்கருவி எண்ணிக்கை. மேற்கூறிய கணக்கை நோக்கினால் அது விளங்கும். 2400 சுற்றில் நடுக்கம் வினாடிக்கு 40 முறை எழுந்தால், சுற்றுக்கு ஒன்று. எடைச் சமனையும் விசிறியின் ஓட்டத்தையும் ஐயுறலாம். வினாடிக்கு 20 முறையானால், இரண்டு சுற்றுக்கு ஒன்று. சோர்ந்த சிலிண்டரைத் தேட வேண்டும். சுற்று எவ்வளவாயினும் குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் தோன்றி மறைந்தால் ஒத்ததிர்வை நினைக்க வேண்டும். இரண்டு அடி இயந்திரத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு சிலிண்டரும் வெடிப்பதால் கணக்கு மாறும் என்பதையும் மறத்தலாகாது.

இன்று இயந்திரத்தின்மேல் சிறு உணர்கருவி ஒன்றைப் பொருத்தி, இதழில் ஒட்டிய ஒளிரும் நாடாவைக் கொண்டு சுற்றுகளை எண்ணி, நடுக்கத்தின் அளவையும் கனமான பக்கத்தையும் ஒருங்கே காட்டும் கருவிகள் உள்ளன. எனினும் கருவி அளப்பது நடுக்கத்தைத்தான். அதன் காரணத்தை முடிவு செய்பவன் மனிதனே.

தரையில் செய்யும் சோதனைகள்

முதலில் காப்பு. பொறியை ஊட்டும் மாக்னெட்டோவின் கம்பி அறுந்திருந்தால், சுவிட்சு அணைந்திருந்தாலும் இயந்திரம் வெடித்தெழும். ஆகவே சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பார்க் பிளக்கையேனும் கழற்றிய பின்பே விசிறியைக் கையால் சுழற்ற வேண்டும்.

இதழ்களின் ஓட்டத்தைச் சோதிப்பது எளிது. விசிறியின் நுனியருகே ஒரு மரக்கட்டையை அசையாமல் நிறுத்தி, ஓர் இதழின் நுனி செல்லும் இடத்தில் கோடிட வேண்டும். பின்பு விசிறியைச் சுழற்றி மற்ற இதழின் நுனி எங்கே செல்கிறது என்று பார்க்க வேண்டும். மரவிசிறியில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 3 மில்லிமீட்டரைத் தாண்டலாகாது என்பது வழக்கமான வரம்பு.

வேறுபாடு மிகுந்தால் குற்றம் விசிறியிலா, அது பொருத்தப்பட்ட தண்டின் முகத்திலா? இதற்கு அழகிய விடை ஒன்று உண்டு. விசிறியைக் கழற்றி, அரைச்சுற்றுத் திருப்பி, மீண்டும் பொருத்தி அளக்க வேண்டும். முன்பு முன்னோக்கி நின்ற அதே இதழ் இப்பொழுதும் முன்னோக்கி நின்றால் விசிறி கோணலானது. மற்ற இதழ் அவ்விடத்துக்கு வந்துவிட்டால் விசிறி குற்றமற்றது. தண்டின் முகமே சாய்ந்துள்ளது. ஒரே ஒரு மாற்றத்தால் இரண்டு ஐயங்களும் பிரிந்துவிடுகின்றன.

எடையைச் சோதிக்க, விசிறியின் குடத்தில் ஒரு நேர்த்தண்டைச் செருகி, மட்டமான இரண்டு கத்திமுனைகளின்மேல் அதனை உருளவிட வேண்டும். கனமான இதழ் தானே கீழே வந்து நிற்கும். மரவிசிறியாயின் இங்கே ஈரத்தையும் கருத வேண்டும். விமானத்தை நிறுத்திவைக்கும்போது விசிறி செங்குத்தாக நின்றால் ஈரம் கீழ் இதழில் இறங்கித் தங்கும், அது கனத்துவிடும். ஆகவே மரவிசிறியைக் கிடைமட்டமாக நிறுத்துவர். பினாங்கைப் போல ஆண்டு முழுவதும் காற்றில் ஈரம் நிறைந்த இடத்தில் இவ்வழக்கத்துக்கு மதிப்பு மிகுதி. ஈரத்தில் மரம் பருத்துப் போல்ட்டுகளின் கீழ் நசுங்கும், உலர்ந்தபின் சுருங்கும், இறுக்கியிருந்த போல்ட்டுகள் தளர்ந்துவிடும். இறுக்கத்தை அளவுகோலோடு அவ்வப்போது பார்த்தல் வேண்டும்.

சிலிண்டரைச் சோதிப்பதற்கும் எளிய வழி உண்டு. குளிர்ந்த இயந்திரத்தைச் சிறிது நேரம் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு புகைக்குழாயின்மேலும் ஒரு துளி நீர் விட்டால், வெடித்த சிலிண்டரின் குழாயில் நீர் சீறி ஆவியாகும். வெடிக்காததன் குழாயில் அமைதியாக வழியும். இரட்டை மாக்னெட்டோ உள்ள இயந்திரத்தில் ஒவ்வொன்றாக மாற்றி ஓட்டி, எதன்மேல் ஓடும்போது இயந்திரம் தடுமாறுகின்றது என்று கண்டு, பிளக்கிலும் கம்பியிலும் குறையைத் தேடலாம்.

இவற்றுக்கெல்லாம் பொதுவான விதி ஒன்றுண்டு: ஒரு வேளையில் ஒன்றையே மாற்றுக. பிளக்கையும் மாற்றி, விசிறியையும் திருப்பி, ரப்பர் தாங்கியையும் புதுப்பித்தால் நடுக்கம் ஒருகால் நிற்கலாம். எதனால் நின்றது என்பது தெரியாது. தெரியாததனால் அது மீண்டும் வரும்.

அடக்குதலும் தீர்த்தலும்

நடுக்கத்தை அடக்குவது வேறு, தீர்ப்பது வேறு. மென்மையான ரப்பர் தாங்கிகளை வைத்தால் இருக்கையில் அமர்ந்தவர்க்கு நடுக்கம் தெரியாது. ஆனால் தண்டு அதனை உணர்ந்துகொண்டே இருக்கும். வெடித்த இதழின் எதிர்ப்புறம் ஓர் எடையைப் பூட்டினால் கருவி சமன் என்று காட்டும். வெடிப்பு வளர்ந்துகொண்டே போகும். ஒத்ததிர்வைத் தவிர்க்க எண்ணி இதழின் நுனியை மனம்போனபடி வெட்டினால் அதன் அதிர்வெண் மாறி, அபாயம் வேறொரு வேகத்தில் போய் ஒளிந்துகொள்ளும். அதனாலேயே சில இயந்திரங்களில் சுற்றுகாட்டியின்மேல் ஒரு பகுதியைச் சிவப்பால் குறித்து, அவ்வேகத்தில் தொடர்ந்து ஓட்டலாகாது என விதிக்கின்றனர். உலோகம் ஒரே முறை வளைந்தால் தாங்கும். இலட்சக்கணக்கான முறை சிறிதுசிறிதாக வளைந்தால் சோர்ந்து முறியும்.

இதன் விலையை உலகம் 1908ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் கண்டது. அமெரிக்காவின் போர்ட் மையர் இராணுவத் திடலில் ஆர்வில் ரைட், தாமஸ் செல்ஃப்ரிட்ஜ் என்னும் இளம் அதிகாரியை ஏற்றிக்கொண்டு பறந்தார். பின்புறத்தில் மெல்லிய தட்டும் ஓசை கேட்டது. திரும்பிப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. இயந்திரத்தை நிறுத்தி இறங்கிவிட நினைத்தார். அதற்குள் இரண்டு பேரொலிகள் எழுந்தன. விமானம் நிலைகுலைந்து வீழ்ந்தது. ஆர்வில் படுகாயத்தோடு தப்பினார். செல்ஃப்ரிட்ஜ் உயிர் நீத்தார். இயந்திர விமான விபத்தில் இறந்த முதல் மனிதர் அவரே.

பின்னர் ஆராய்ந்தபோது நிகழ்ச்சியின் சங்கிலி வெளிப்பட்டது. ஒரு விசிறியின் இதழில் நீளவாக்கில் வெடிப்பு உண்டாயிற்று. அவ்விதழ் தட்டையாகிக் காற்றைத் தள்ளும் ஆற்றலை இழந்தது. மற்ற இதழ் முன்போலவே தள்ளியது. சமன் குலைந்து கடும் நடுக்கம் எழுந்தது. விசிறியைத் தாங்கிய அமைப்புத் தளர்ந்தது. விசிறி இடம் பெயர்ந்து வாலைத் தாங்கிய கம்பியில் அடித்தது. ஒரு வெடிப்பில் தொடங்கியது ஓர் உயிரில் முடிந்தது. மெல்லிய தட்டும் ஓசையே அந்தச் சங்கிலி தந்த எச்சரிக்கை. அது மிகத் தாமதமாக வந்தது.

ஆகவே பறக்கும்போது புதிய நடுக்கம் தோன்றினால் ஆராய்ச்சிக்கு அது நேரமன்று. ஆற்றலைக் குறைத்து, அருகிலுள்ள தளத்தில் இறங்குவதே முறை. கையால் கட்டிய விமானத்தை உரிய அனுமதியின்றிப் பறக்கவிடலாகாது என்று நாடுகள் சட்டம் செய்திருப்பதும் இதன்பொருட்டே. மலேசியாவில் இப்பொறுப்பு 2018இல் அமைந்த சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்துக்கு உரியது.

சொல்லும் ஒரு கருவி

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் மருத்துவனுக்கு ஒரு வரிசையை வகுத்துள்ளது: பிணி இன்னதென்று தெளிதல், அது தோன்றிய இடத்தைத் தேடுதல், பின்பு தணிக்கும் வழி, இறுதியில் தகுந்த செயல். கொட்டகையில் நின்று நடுங்கும் இயந்திரத்துக்கும் இவ்வரிசை பொருந்துகின்றது. இடையிலுள்ள படியைத் தாண்டி மருந்துக்குப் பாய்பவனே பருமனான குழாயைத் தேடுகின்றான்.

பிணியைத் தெளிவதற்குச் சொல் வேண்டும். தமிழாசிரியர்க்கு இதில் ஒரு பங்குண்டு. ஆட்டம், குலுக்கல், நடுக்கம், அதிர்வு, துடிப்பு என்று தமிழில் வழங்கும் சொற்கள் ஒரே பொருளன அல்ல. கண்ணுக்குத் தெரிய மெல்ல அசைவது ஆட்டம். தூக்கிப்போடுவது குலுக்கல். எண்ண முடியாத விரைவில் கையில் உணரப்படுவது அதிர்வு. விட்டுவிட்டு ஒழுங்காக எழுவது துடிப்பு. வகுப்பறையின் மேலே சுழலும் மின்விசிறியைக் காட்டி, ‘இது ஆடுகின்றதா, அதிர்கின்றதா? வேகம் கூடினால் கூடுகின்றதா, ஒரு வேகத்தில் மட்டும் வருகின்றதா?’ என்று கேட்டால், மாணவன் சரியான சொல்லைத் தேடும்போதே சரியான காரணத்தையும் தேடத் தொடங்குவான்.

‘விசிறி ஏதோ மாதிரி இருக்கின்றது’ என்று கூறும் மாணவனுக்கும், ‘வேகம் குறையும்போது மட்டும் ஆடுகின்றது’ என்று கூறும் மாணவனுக்கும் இடையே உள்ள தொலைவு மொழியின் தொலைவு மட்டும் அன்று. பின்னவன் பழுதின் காரணத்துக்குப் பாதி வழி வந்துவிட்டான். நாளை அவன் கை வைக்கப்போவது பத்து மாவுங்கின் படகாயினும், பாயான் லெப்பாஸின் விமானமாயினும், அவனை நம்பி அதில் ஏறுவோர் இருப்பர்.